கடைசி வரிசைக்குக் கேட்கிறதா

மே 22, வியாழன்

வண்டி வந்துவிட்டது. பெயரை இங்கேகூட எழுதப் போவதில்லை. கம்பெனி சொல்கிற தேதிக்கு முன்னால் ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தம். மூன்று வரிசை, ஏழு சீட், பெரம்பூரில் எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இஸ்திரி வண்டிக்காரர் தன் தள்ளுவண்டியை மூலைக்கு நகர்த்திவிட்டு, "வாங்கிட்டியா பாப்பா?" என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். "ஓட்டிப் பார்த்து எழுதத்தாங்க, வாங்க இல்ல" என்றேன். மோட்டார் பத்திரிகையில் வேலை என்பதை இத்தனை வருடத்தில் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

எட்வின் சார் எடிட்டர் ஆன பிறகு செய்த ஒரே உருப்படியான காரியம், இந்த மாதக் கட்டுரையை எனக்குக் கொடுத்தது. "குடும்பத்தோட நீளமா ஒரு ட்ரிப் போய்ட்டு வந்து எழுது மங்கை. மூணு வரிசை வண்டியை ஒத்த ஆளா ஓட்டிட்டு எழுதினா எவன் நம்புவான்?" என்றார். சொன்ன பிறகுதான் கல்யாணமாகாத ஒருத்தியிடம் சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி குடும்பம் இருக்குல்ல" என்றார்.

இருக்கிறது. கீழ் வீட்டில் தம்பி செழியன், அவன் மனைவி ஹேமா, பெண்கள் நறுமுகை, தாரா, அம்மா. மாடியில் நான். மாடி என்றால் தனி வீடு என்று அர்த்தமில்லை. என் சாப்பாடு, சண்டை, டிவி எல்லாம் கீழேதான்.

செழியனைக் கம்பெனி புனேவுக்குக் கூப்பிடுகிறது. "யோசிச்சிட்டிருக்கேன்க்கா, முடிவு பண்ணல" என்று சித்திரை மாதம் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். போனால் அம்மாவும் போவாள், தாராவை வேறு யார் பார்ப்பது. குலதெய்வத்திடம் பூப் போட்டுக் கேட்காமல் எதுவும் கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள். கோயில் அருப்புக்கோட்டைப் பக்கம். அதனால் என் வேலையும் அம்மாவின் வேண்டுதலும் ஒரே பயணத்தில் முடிகின்றன.

அவர்கள் போவதில் எனக்கு இஷ்டமில்லை. சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன்.

மே 23, வெள்ளி

கடைசி வரிசையை நிமிர்த்தி வைத்தால் பின்னால் இரண்டு பெட்டிக்குத்தான் இடம். இத்தனை பெரிய வண்டியில் இது அநியாயம், எழுத வேண்டும். அம்மா பொங்கல் வைக்க வெண்கலப் பானை, கரண்டி, வெல்லம், ஒரு மூட்டை சுள்ளி விறகு என்று கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். விறகு அங்கேயே கிடைக்கும் என்று சொல்லி அதை மட்டும் இறக்கினேன்.

"வண்டிக்கு ஒரு பொட்டு வெச்சிடுறேன்டி."

"நம்ம வண்டி இல்லம்மா."

"யார் வண்டியா இருந்தா என்ன, உள்ள போறது நம்ம உசிருதானே?"

நான் வழிவிட்டு நின்றேன். வைத்தாள்.

மே 24, சனி, திருச்சி

கத்திரி வெயில். வண்டி ஏசி பிரமாதம், அம்மாவுக்கு மட்டும் அது பேய்க் குளிர். இரண்டாம் வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஊட்டிக்குப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். மசாஜ் செய்யும் சீட்டை ஒரு தடவை போட்டுக் காட்டினேன். "எவனோ முதுகுல கைய வைக்கிறான், நிறுத்துடி" என்றாள்.

ஆறு பேர், ஏழு சீட். காலியாக இருந்த இடத்தில் பானை உட்கார்ந்து வந்தது. தாரா அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டாள்.

விக்கிரவாண்டி தாண்டி டீக்கு நிறுத்தினேன். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த ஒருவர், "உங்க வீட்டுக்காரர் வண்டிங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, உள்ள தூங்குறார்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு விலகிப் போனார். நல்ல மனிதர்.

இந்த வண்டியில் ஒரு வசதி. ஓட்டுகிறவர் மெதுவாகப் பேசினாலும் கூரையில் இருக்கும் மைக் வாங்கி, கடைசி வரிசை ஸ்பீக்கரில் கொடுக்கும். பிள்ளைகளை அதட்டக் கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்பதற்காகவாம். பின்னால் தாரா முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். சாலையைப் பார்த்தபடியே வாய்க்குள், "தாரா, கைய சீட்ல தொடைக்காத" என்றேன். குழந்தை அலறிவிட்டது. "அத்தை முன்னாடியும் இருக்காங்க, பின்னாடியும் இருக்காங்க" என்று அம்மாவிடம் தாவிப் போய்விட்டாள். எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. செழியன் அந்த நேரம் நல்ல தூக்கம்.

இப்படி ஆறு பேரும் ஒரே இடத்தில் அடைந்து கிடப்பது வீட்டில்கூட நடப்பதில்லை. இந்தச் சாலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

மே 25, ஞாயிறு, மதுரை

கடைசி வரிசை பற்றிய குறிப்பு:

முழங்கால் இடிக்கிறது. தலைக்கு மேலே இடம் உண்டு. ஜன்னல் சின்னது. சப்பணம் போட முடியாது. கப் வைக்கிற குழி ஆழம். பாலங்களில் நன்றாகத் தூக்கிப் போடுகிறது.

மே 25, மறுபடியும்

மேலே எழுதியதோடு விட்டிருக்கலாம். முடியவில்லை.

எந்தக் கட்டுரையாளரும் கடைசி வரிசையில் போக மாட்டார். நிறுத்திவைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, 'பெரியவர்களும் அமரலாம்' என்று எழுதிவிடுவார். நான் அப்படிச் செய்வதில்லை. கம்பெனியிடம் அனுமதி வாங்கி, விராலிமலை தாண்டியதும் செழியனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் போனேன். முன்னால் அவனும் ஹேமாவும். நடுவில் அம்மா, அவள் மடியில் தலை வைத்துத் தாரா, காதில் பாட்டோடு நறுமுகை. மூன்று பேரும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்கள். பின்னால் நானும் பானையும்.

மைக் வசதியை நான்தான் போட்டு வைத்திருந்தேன். ஓடுகிற வண்டியில் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா. அதைச் செழியனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஹேமாவுக்கும் நேற்றைய கூத்து மறந்துவிட்டது போல.

அவன் குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஹேமாவின் குரல் வரவில்லை, மைக் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான். அதனால் பாதிப் பேச்சு.

"நீ சொல்லேன் அக்காகிட்ட."

அவள் ஏதோ சொன்னாள்.

"எப்படிச் சொல்றது? ஸ்கூல் அட்மிஷன் போட்டாச்சு, வீடு பார்த்து அட்வான்ஸ் குடுத்தாச்சு, உன்கிட்ட சொல்லத்தான் மறந்துட்டோம்னா?"

மறுபடியும் அவள்.

"அம்மாவே சொல்றேன்னுட்டாங்க. ட்ரிப் முடியட்டும், வண்டி ஓட்டுறவ மனசைக் கெடுக்காதீங்கன்னாங்க... பூவா? அது சாமிகிட்ட சொல்லாம போகக்கூடாதுன்னு. வெள்ளைதான் வரும், பாரு."

ஒரு லாரியைத் தாண்டினான். இடது பக்கம் தாண்டினான், அதற்காகப் பிறகு திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் பாவம்தான். ஆனா அக்கா மாசத்துல பாதி நாள் எங்க வீட்ல இருக்கா? வண்டி வண்டின்னு ஊர் சுத்துறா. அம்மா அவளுக்காக இங்கயே இருந்தாங்கன்னா அம்மாதான் தனியா கெடப்பாங்க. அம்மாவுக்கு இதுல சந்தோஷம், நீயே பார்க்கற இல்ல? கம்பளி ஸ்வெட்டர் எல்லாம் வாங்கி வெச்சாச்சு."

ஸ்வெட்டர் வாங்கியது எனக்குத் தெரியாது.

முன் சீட்டில் பக்கவாட்டில் சாய்ந்த அம்மாவின் தலை தெரிந்தது. கொண்டை சரிந்து, வாய் லேசாகத் திறந்து, பேத்தியின் மேல் ஒரு கை. நான் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். கண் எரிந்தது. கடைசி வரிசையில் ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது, திசையை மாற்ற முடியவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

மேலூர் வரும் முன்பே செழியன் வண்டியை ஓரங்கட்டி, "எப்படிக்கா இருந்துச்சு பின்னாடி?" என்று கேட்டான்.

"முட்டி இடிக்குதுடா" என்றேன்.

மே 26, திங்கள், மதுரை

கல்யாணமாகாததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், குலதெய்வம் மாறவில்லை. என்னோடு படித்தவர்களெல்லாம் புருஷன் வீட்டுச் சாமியிடம் போய்விட்டார்கள். நான் பிறந்த சாமியிடமே நிற்கிறேன். எங்கள் குடும்பத்தில் பூப் போட்டுக் கேட்கும்போது பொட்டலம் கட்டுவது, அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் வேலை. அப்பா போன பிறகு எல்லாக் கேள்விக்கும் நான்தான் கட்டியிருக்கிறேன், ஹேமாவைக் கட்டலாமா என்ற கேள்விக்கும்கூட.

அம்மா அமாவாசையாகப் பார்த்து வைத்திருந்தாள். கரிசல் மண்ணில் வண்டி அருமையாகப் போனது. புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுப் பொங்கல் வைத்தோம். பூசாரி இரண்டு துண்டு வாழையிலையை என்னிடம் கொடுத்தார். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக்கூடாது. கட்டுகிறவள் கேள்வியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே கட்ட வேண்டும். கேள்வி இல்லாமல் கட்டினால் சாமி எதற்குப் பதில் சொல்லும்? அதுதான் வழக்கம்.

முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினேன். புனேவுக்குப் போகலாமா என்று மனதுக்குள் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை, கெஞ்சினேன். போக விடாதே சாமி, இவர்களை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகாதே, வேறு எதுவும் உன்னிடம் கேட்டதில்லையே என்று நார் விரலை அறுக்கும்வரை சுற்றினேன். முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது, அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்று தெரிந்தும் கெஞ்சினேன். வெட்கம் பார்க்கிற நேரமா அது.

சூடம் காட்டினார்கள். தாராவை எடுக்கச் சொன்னார்கள். குழந்தை இரண்டு பொட்டலத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றைத் தூக்கிப் பூசாரியிடம் கொடுத்தாள். அவர் பிரித்தார்.

செவ்வரளி.

பூசாரி, "உத்தரவு இல்லைங்க, விட்ருங்க" என்று விபூதி கொடுத்தார். செழியன் அதை வாங்கின கையோடு அப்படியே நின்றான். நறுமுகை, "அப்ப நாம போகலையா? நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் பை சொல்லிட்டேனே" என்றாள். ஹேமா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எதுவும் தெரியாதவள் போல் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதிப் பார்க்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மே 27, செவ்வாய், திண்டுக்கல்

சிறுமலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் இவ்வளவு பெரிய உடம்பு துளியும் சாயவில்லை. கேபினுக்குள் சத்தமே இல்லை. வழக்கமாக இதைப் பாராட்டி நாலு வரி எழுதுவேன்.

ஹேமா தானாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே போனால் யாருக்கும் முகம் தெரியாது. குழந்தை வாந்தி எடுத்தபோது மட்டும் அவள் குரல் கேட்டது. செழியன் என் பக்கத்தில் போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு வந்தான். ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும், சொல்லத் தைரியம் வரவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை, விரல்கள் சால்வை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

மேலே ஒரு கடையில் மிளகாய் பஜ்ஜி போட்டார்கள். எல்லோரும் ஆளுக்கொரு திசை பார்த்துத் தின்றோம். எனக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் இனி போக மாட்டார்கள். கீழ் வீட்டில் இப்படியே இருப்பார்கள். நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வாங்க அண்ணி, சாப்பிடுங்க" என்று ஹேமா தட்டு வைப்பாள். சாமி சொல்லிவிட்டது என்று யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தத் தட்டில் நான் எப்படிச் சாப்பிடுவேன்?

பஜ்ஜி வேறு காரம்.

"செழியா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"நேத்து பொட்டலம் கட்டுறப்ப நான் உங்க விஷயத்தை நினைக்கவே இல்லடா."

"என்னக்கா சொல்றே?"

"இந்த வண்டி ஞாபகமாவே இருந்தேன். சூட்ல டயர் காத்து ஏறியிருக்குமே, கரிசல்ல இறக்கிட்டு ஓட்டலாமான்னு யோசிச்சுக்கிட்டே கட்டிட்டேன். கட்டி முடிச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. பூசாரி முன்னாடி சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

ஹேமா பஜ்ஜியைக் கீழே வைத்தாள். "அப்ப அந்தப் பூவு... அண்ணி?"

"கேள்வியே இல்லாம கட்டினது. எப்படிச் செல்லும்?"

செழியன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தான். ஹேமாவும் அம்மாவைத்தான் பார்த்தாள். இந்த விஷயங்களில் எங்கள் வீட்டுக்கு அம்மாதான் சுப்ரீம் கோர்ட்டு. விளக்கு ஏற்றும்போது தும்மினால் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றச் சொல்கிறவள். செழியன் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் கோணலாக இருந்தது என்று பிடுங்கி நடச் சொன்னவள். சாமி விஷயத்தில் இப்படியா செய்வாய் என்று என்னைக் கிழிப்பாள், திரும்பக் கோயிலுக்கு விடு வண்டியை, மறுபடியும் ஒழுங்காகக் கட்டு என்பாள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் கட்டியிருப்பேன். என்ன நினைத்துக் கட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா, "அப்ப அது செல்லாது" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. டீயை எடுத்துக் குடித்தாள்.

இறங்கும்போது ஹேமா நடு வரிசைக்கு வந்து தாராவை மடியில் வைத்துக்கொண்டாள். நறுமுகை புனேவில் மழை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டாள். யாரும் அவளை அதட்டவில்லை. செழியன் ஒரு வளைவில், "அக்கா, அங்க அட்மிஷன் விஷயமா கொஞ்சம் பேசி வெச்சிருந்தேன், சும்மா ஒரு முன்னேற்பாட்டுக்கு" என்றான். "நல்லதுதானே" என்றேன். மைக் இன்னும் போட்டபடிதான் இருந்தது. நான் சொன்ன 'நல்லதுதானே' யாரும் இல்லாத பின் வரிசையிலும் ஒரு தடவை கேட்டிருக்கும்.

மே 28, புதன்

வீடு வந்து சேர்ந்தோம். மைலேஜ் மோசம்.

மே 30, வெள்ளி

வண்டியைக் கழுவிக் கொடுத்தாயிற்று. கம்பெனி ஆள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முறுக்குத் துண்டை எடுத்துக் காட்டிச் சிரித்தான். "ஃபேமிலியோட நல்லா என்ஜாய் பண்ணீங்களா மேடம்?" "நல்லா" என்றேன்.

மே 31, சனி

கட்டுரை அனுப்பினேன். அதில் ஒரு வரி: 'ஓட்டுநரின் குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுசெல்லும் வசதி குறையின்றி வேலை செய்கிறது.' எட்வின் சாருக்கு ரொம்பத் திருப்தி. வீட்டு மனிதர்கள் எல்லாம் உயிரோடு வருகிறார்கள் என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

கீழே அட்டைப் பெட்டிகள் வந்துவிட்டன. காலையிலிருந்து டேப் கிழிக்கிற சத்தம். செழியன் மட்டும் இரண்டு தடவை மேலே வந்து என் குழாயைச் சரி பார்த்தான், சிலிண்டரை மாற்றினான், எந்த வேலையும் இல்லாதபோது நின்றுவிட்டுப் போனான். பாவம், நல்ல பிள்ளை.

சாயங்காலம் அம்மா மாடி ஏறி வந்தாள். முழங்கால் வலி என்று அவள் படியேறியே வருடக்கணக்காகிறது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். என் சுடிதார் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளும் மடித்தாள்.

"பாதி நாள் ஊர்ல இருக்க மாட்டே. மீதி நாளுக்கு என்ன சாப்பிடுவே?"

"ஒரு வயிறுதானே. பார்த்துக்குவேன்."

"தீபாவளிக்கு வந்துடு."

"வரேன்."

மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். நான் பொய் சொன்னால் அம்மாவுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும், என் மூக்கு நுனியைப் பார்த்தே சொல்வாள். இன்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மங்கை, அன்னிக்குப் பொட்டலம் கட்டுறப்ப நெஜமாவே வண்டியைத்தான் நினைச்சியா?"

இதற்காகத்தான் படியேறி வந்திருக்கிறாள். நான் சொல்லியிருக்கலாம். இல்லையம்மா, உன்னைத்தான் நினைத்தேன், உன்னை விடக்கூடாது என்றுதான் கேட்டேன், சாமியும் சரி என்றது. வாய்வரை வந்தது. சொன்னால் அவள் இங்கேயே இருந்துவிடுவாள், அது எனக்கு நிச்சயம். புது ஸ்வெட்டரை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, என் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்துக்கொண்டு, தாராவோடு போனில் பேசிக்கொண்டு இருப்பாள்.

"வண்டியைத்தாம்மா" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சாமி காரியம்."

"வண்டியைத்தான் நினைச்சேன்."

அவள் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது. "சரிடி" என்றாள். சுடிதாரைக் கட்டிலில் வைத்தாள், அதன் மேல் கையை ஒரு தடவை தடவினாள், எழுந்தாள். படியிறங்கக் கையைக் கொடுத்தேன், வேண்டாம் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே போனதும், "ஹேமா, என் வெங்கலப் பானையை எந்தப் பெட்டியில வெச்சே?" என்று கேட்டாள்.